சங்கரநயினாரைப் பற்றி ஒரு திருத்தம்

கீழைத்துறைக்காரர்களைக் கேட்டால் இப்போதும் சொல்வார்கள், அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகள் இரண்டு வகையாக இருந்தன என்று: ஒன்று, சாளைமீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் குப்புறப்படுத்துத் தூங்குகிற ஞாயிறு, மற்றது, அந்தத் தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டு, உப்பு லாரி ஓட்டுநர் சங்கத்தின் மாடிக்குக் கைப்பிடி இல்லாத படிக்கட்டில் சுவரைத் தடவிக்கொண்டே ஏறிப்போய், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, இன்னும் யாரும் வாசித்திராத ஒரு நாவலை எழுதிய, இன்னும் யாரும் கேள்விப்பட்டிராத ஒருவரை வேடிக்கை பார்க்கிற, மாதத்தின் இரண்டாவது ஞாயிறு. இந்தக் கூட்டத்தை நடத்திய வாசகர் வட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். முதல் நாவலை மட்டுமே அறிமுகம் செய்வார்கள். இரண்டாவது நாவலைத் தூக்கிக்கொண்டு எத்தனை பெரிய ஆள் வந்தாலும், செயலாளர் மிக்கேல் அண்ணாச்சி தன் போட்டோ ஸ்டுடியோ வாசலிலேயே நிறுத்தி, “ரெண்டாவது பிள்ளைக்கெல்லாம் ஊர்கூடிப் பேர் வைக்க முடியுமாவே? அது தானா வளந்துக்கிடும்” என்று சுக்குக் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்.

பத்தொன்பது வருஷத்தில் நூற்றுப்பன்னிரண்டு முதல் நாவல்கள் அந்த மாடியில் அறிமுகமாயின. நூற்றுப்பன்னிரண்டு தோள்களிலும் ஒரே பொன்னாடைதான் விழுந்தது. கூட்டம் முடிந்ததும் அதைத் திரும்ப வாங்கி மடித்து, ஸ்டுடியோ பீரோவில் தாஜ்மகால் திரைக்கும் நீர்வீழ்ச்சித் திரைக்கும் நடுவே வைத்துவிடுவார்கள், யாரும் வருத்தப்பட்டதில்லை. வருத்தம் வேறு இடத்தில் இருந்தது. வரவேற்புரை, தலைமையுரை, அறிமுகவுரை, நாலைந்து வாழ்த்துரை எல்லாம் முடிந்து, எழுதினவர் ஏற்புரை சொல்ல எழுந்திருக்கிறபோது சரியாக மணி ஆறு ஆகிவிடும். ஆறு மணிக்கு மாடி லாரி ஓட்டுநர்களுக்கு. அவர்கள் செருப்புச் சத்தத்தோடு ஏறி வருவார்கள், எழுதினவர் “நன்றி, வணக்கம்” என்று சொல்லிவிட்டு உட்காருவார். ஒரு நாவலைப் பற்றி எல்லாரும் பேசலாம், எழுதினவர் மட்டும் பேசக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் பத்தொன்பது வருஷமாக நடந்தது அதுதான்.

இதைப் பற்றிச் சண்டை போட ஒருத்தி வந்தாள். அவள் பெயர் ஆவுடை, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி, வயது இருபத்தாறு, எதிரே இருப்பவர் தலையாட்டினால்கூட எதற்காகத் தலையாட்டினீர்கள் என்று கேட்கிற ரகம். பின்னட்டையை மட்டும் வாசித்துவிட்டு நாற்பது நிமிஷம் பேசிய ஒரு பேராசிரியரை நடுக்கூட்டத்தில் எழுந்து, “நூத்து முப்பதாம் பக்கத்துல யாரு சாவுதான்னு சொல்லிட்டு மேல பேசுங்க சார்” என்று கேட்டு, அவர் சோடா குடிக்கிற சாக்கில் இறங்கிப்போகும்படி செய்தவள். அந்த வருஷம் அவள் மிக்கேல் அண்ணாச்சியின் ஸ்டுடியோவில் வந்து நின்றாள்.

“எண்ணிப் பாருங்க அண்ணாச்சி. நூத்திப் பன்னெண்டு நாவல். அதுல பொம்பளைங்க எழுதினது ஒம்பது. ஒம்பது பேருகிட்டயும் மேடையில வச்சு என்ன கேட்டிய? வீட்டுல சமையல் யாருன்னு கேட்டிய. மிச்சம் நூத்தி மூணு ஆம்பளையில ஒருத்தர்கிட்டயாவது, நீங்க எழுதும்போது உலையில அரிசி போட்டது யாருன்னு கேட்டியளா?”

“ஏ தாயி, நான் நாற்காலி விரிச்சுப் போடுதவன். என்ன எதுக்கு வையுத?”

“நீங்கதான செயலாளர்?”

“சரி, அடுத்த பொஸ்தகம் ஒரு அக்கா எழுதினதுதான். நீயே பேசு. நாங்க கீழ உக்காந்து உன் குத்தத்தக் கண்டுபிடிக்கோம்” என்று சொல்லி, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமுள்ள ஒரு புத்தகத்தை அவள் கையில் வைத்தார். ‘கொடிமரத்துக்கு மேற்கே’ என்று பெயர். எழுதினவரைப் பற்றி உள்ளே ஒரே வரி: உலகம்மாள், கீழைத்துறை, இது இவரது முதல் நாவல். “நாவலப் பத்தி அரைமணி, ஆளப் பத்திப் பத்து நிமிஷம். அது நம்ம வழக்கம்” என்றார் அண்ணாச்சி. ஒரு வரியைப் பத்து நிமிஷம் எப்படிப் பேசுவது என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

உலகம்மாளை ஊரில் தெரியாதவர்கள் கிடையாது, ஆனால் முழுதாகத் தெரிந்தவர்களும் கிடையாது. பெரியாஸ்பத்திரி மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிற அக்கா, “காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டப் பிறகு” என்கிற குரல், கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து மாத்திரையை நீட்டுகிற கை. அவ்வளவுதான். ஆவுடைக்கு அவ்வளவுகூடத் தெரியாது, அவள் வெளியூர்க்காரி.

தப்பு நடந்தது இப்படித்தான். அந்த வாரம் பார்த்து நெறியாளர் ஆய்வேட்டின் மூன்றாவது இயலைக் கேட்டார், மூன்றாவது இயல் பிறந்தே இருக்கவில்லை, ஆவுடை ஐந்து நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டுக் கூட்டத்துக்குப் போகிற பஸ்ஸில்தான் நாவலைத் திறந்தாள். ஐம்பத்தெட்டாம் பக்கம் வரைக்கும் வந்தாள். அதில் ‘நான்’ என்று கதை சொல்கிற ஒரு பெண், பழைய துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிற வேலையிலிருந்த தன் கணவன் சங்கரநயினார் மஞ்சள்காமாலையில் சாவதைச் சொல்லிக்கொண்டிருந்தாள், பஸ் நின்றுவிட்டது. கடைசிப் பக்கத்தைப் படிக்கட்டில் ஏறிக்கொண்டே வாசித்தாள். பேராசிரியருக்கும் தனக்கும் நடுவே ஐம்பத்தொன்பது பக்கம் வித்தியாசம் இருக்கிறது என்று தனக்குத் தானே வாதாடி ஜெயித்துக்கொண்டாள்.

பிறகு பேசினாள். பேச்சென்றால் பேச்சு. “நண்பர்களே, இது கற்பனையில்லை, கண்ணீர். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், இந்த ஊர்த் துறைமுகத்தில் கூண்டு ஏற்றிக்கொண்டிருந்த தன் கணவர் சங்கரநயினாரை மஞ்சள்காமாலைக்குப் பறிகொடுத்த உலகம்மாள், அந்த வாழ்க்கையை அப்படியே எடுத்து நம் முன்னால் வைத்திருக்கிறார்” என்று பத்து நிமிஷத்தைப் பதினைந்து நிமிஷமாக நிரப்பினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உலகம்மாள் அவளுடைய துப்பட்டா நுனியைப் பிடித்து இழுத்தாள். உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று நினைத்து ஆவுடை அந்தக் கையை எல்லாரும் பார்க்கப் பிடித்துக்கொண்டாள். கைதட்டல் தெருமுனை வரை கேட்டது. பொன்னாடை விழுந்தது. ஏற்புரைக்காக உலகம்மாள் எழுந்து, ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு இறக்கி, வாயைத் திறந்தபோது மணி ஆறு. ஓட்டுநர்கள் ஏறி வந்தார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை காலையில், அதுவரை ஒன்றுமே மாட்டியிராத உலகம்மாள் வீட்டுச் சுவரில் சந்தனமாலை போட்ட ஒரு படம் இருந்தது. நடுவகிடு எடுத்த தலை, வலது புருவத்தில் ஒரு தழும்பு, சிரிக்கலாமா வேண்டாமா என்று போட்டோக்காரரிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட்ட மாதிரியான முகம். கொடியில் காலர் தேய்ந்த இரண்டு சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. ரேஷன் கார்டில் ஒரு பெயர் அடிக்கப்பட்டு, அதன் மேல் வட்ட முத்திரை குத்தியிருந்தது, முத்திரையின் மை பதின்மூன்று வருஷத்துப் பழசாக மங்கியிருந்தது. உலகம்மாள் எல்லாவற்றையும் பார்த்தாள், காப்பி போட்டாள், குடித்தாள். காம்பவுண்டுச் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டுப் பகவதி தலையை நீட்டி, “மதினி, அண்ணனுக்குத் தெவசம் வார மாசம்தான? எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் வாழக்காய் கொண்டாந்து தாரேன்” என்றாள், வருஷா வருஷம் கொண்டுவந்து கொடுத்தவள் மாதிரி.

ஊர் இதற்காக ஒரு நிமிஷம்கூடத் திகைக்கவில்லை. திகைக்காததற்குக் காரணம் இருந்தது. கீழைத்துறையில் பிறந்த ஒவ்வொருவரும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பழைய துறைமுகத்துக் கொடிமரத்தை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவர்கள். மூன்றாம் எண் கூண்டு ஏறினால் பள்ளிக்கூடம் லீவு, ஏழாம் எண் ஏறினால் வீட்டுக் கதவைக் கயிறு போட்டுக் கட்டவேண்டும், பத்து ஏறினால் சாமியைக் கும்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் கறுப்புக் கூண்டை எல்லாரும் பார்த்தார்கள், கூண்டை ஏற்றிய கையை ஒருவரும் பார்த்ததில்லை, அந்தக் கைக்காரனுக்குப் பெயர் என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. ஊருடைய ஞாபகத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் காலியாகவே கிடந்தது, சங்கரநயினார் வந்து அதில் சரியாக உட்கார்ந்துகொண்டார்.

உட்கார்ந்ததும் எல்லாருக்கும் ஞாபகம் வர ஆரம்பித்தது. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாருக்கு, கூண்டு ஏறுவதற்கு முந்தியே நயினார் சைக்கிளில் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து மூன்று விரலைக் காட்டிவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. மீன்காரி மரியபுஷ்பத்துக்கு, “இன்னைக்குக் கட்டுமரம் வேண்டாம்னு உம் மாப்பிள்ளகிட்டச் சொல்லு” என்று அவர் சொல்லிவிட்டுப் போன விடியற்காலை ஞாபகம் வந்தது. மிக்கேல் அண்ணாச்சி பீரோவைக் கிளறி, “இந்தா இருக்குய்யா நெகட்டிவ், நான் எடுத்த படம்தான், மனுசன் சிரிக்கவே மாட்டேன்னுட்டாரு” என்று வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். மழை வராத ஒரு சாயங்காலத்தில்கூட, டீக்கடைகளில் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் அவரிடம்தான் போய் முடிந்தது, அந்த நாளைப் போல இனி வருமா, கூண்டு ஏத்துறதுன்னா நயினார் ஏத்தணும், இப்ப ஏத்துதானுவளே அது ஒரு ஏத்தா என்று பெருமூச்சு விட்டார்கள், கண் கலங்கினார்கள், தங்களுக்கு ஒருநாளும் இருந்திராத ஒரு காலத்துக்காக ஊரே ஏங்கியது.

புத்தகமும் விற்றது. முந்நூறு பிரதியும் பத்து நாளில் தீர்ந்து, வாடகை நூலகத்தில் வரிசை வைத்தார்கள். ஆஸ்பத்திரி ஜன்னலில் மாத்திரைச் சீட்டோடு நாவலையும் நீட்டினார்கள். ஆனால் என்ன சொன்னார்கள்? பாவம், பட்டத எழுதியிருக்கா என்றார்கள். அழுது அழுது எழுதினதுல்லா, தன்னால வந்திருக்கும் என்றார்கள். ஊசி போடுகிற நர்ஸ் ஸ்டெல்லா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, “எனக்கும் இருக்குக்கா இதவிடப் பெரிய கஷ்டம், எழுத நேரம்தான் இல்ல” என்றாள். பதினோரு வருஷம், ஒரு வாக்கியத்தை ஒன்பது தடவை அடித்து எழுதி, அத்தியாயம் அத்தியாயமாகக் கிழித்துப் போட்டு, இல்லாத ஒருவனுக்கு நடையும் இருமலும் கோபமும் செய்து கொடுத்தவளைப் பார்த்து, நீ ஒன்றும் செய்யவில்லை, உனக்கு நடந்தது என்று ஒரு ஊரே ஆறுதல் சொன்னது. இதே நாவலை ஓர் ஆண் எழுதியிருந்தால் என்ன கற்பனை, என்ன கற்பனை என்று தோளில் தூக்கியிருப்பார்களா மாட்டார்களா? கேட்டால் கோபம் வரும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை ஆவுடை தன் பிரதியில் கையெழுத்து வாங்க உலகம்மாள் வீட்டுக்குப் போனாள், கொஞ்சம் பெருமையோடுதான் போனாள். உலகம்மாள் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தாள்.

“நாவல முழுசா வாசிச்சியா பிள்ள?”

ஆவுடை டம்ளரைப் பார்த்தாள். “ஐம்பத்தெட்டு பக்கம்க்கா. பிறவு கடைசிப் பக்கம்.”

“எனக்குக் கல்யாணமே ஆகல.”

ஆவுடை சுவரைப் பார்த்தாள். சங்கரநயினார் சிரிக்கலாமா வேண்டாமா என்று அவளையும் கேட்டார்.

“நீ ஞாயித்துக்கிழம சொன்ன, இவரு திங்கக்கிழம வந்துட்டாரு” என்றாள் உலகம்மாள், பால்காரன் வந்ததைச் சொல்கிற குரலில். “பகவதி வீட்டு வளைகாப்புக்கெல்லாம் என்னத்தான் முதல்ல கூப்பிடுவா, நான்தான் பாடுவேன். இந்தத் தடவ, நீங்க பிறவு வாங்க மதினின்னுட்டா. அது கெடக்கட்டும், எனக்குப் பாட்டு மிச்சம். ஆனா இன்னைக்கு ஒரு ஆளு வந்து, எட்டாவது அத்தியாயத்துல சாவுறதுக்கு முந்தி அவரு சொல்லுத வார்த்தய அப்படியே ஞாபகம் வச்சு எழுதியிருக்கியளே, உங்களுக்கு என்ன ஞாபகசக்தின்னுட்டுப் போறான். ஞாபகசக்தியாம். அந்த ஒரு வார்த்தைக்கு நான் நாலு மாசம் அலைஞ்சேன்.”

கையெழுத்து வாங்கக் கொண்டுவந்த பிரதியை ஆவுடை பைக்குள் திரும்ப வைத்தாள். “அடுத்த கூட்டத்துல திருத்தம் வாசிக்கேன்க்கா” என்றாள். வட்டத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு: மேடையில் சொன்னது தப்பென்றால் அடுத்த மேடையில்தான் திருத்த முடியும், நடுவில் யார் வீட்டில் போய்ச் சொன்னாலும் அது வெறும் வம்புதான். “நான் சொன்னதால வந்தது, நான் சொன்னாப் போயிரும்.”

“போயிருமா?” என்று கேட்ட உலகம்மாள், ஏனோ கொடியில் கிடந்த சட்டையைத் திரும்பிப் பார்த்தாள்.

திருத்தம் வரப்போகிறது என்ற செய்தி மறுநாளே ஊரில் பரவியது. மிக்கேல் அண்ணாச்சி நெகட்டிவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே, “ஏம்மா, நான் எடுத்த படத்த நான் எடுக்கலன்னு சொல்லப்போறியா?” என்றார். கணக்கு வாத்தியார் நின்றுகொண்டு பேசினார், மரியபுஷ்பம் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பேசினாள், ஆவுடை ஒவ்வொருவரோடும் தர்க்கம் செய்து ஒவ்வொருவரையும் மடக்கினாள். சங்கக் கட்டடத்துக்குக் கீழே டீக்கடை வைத்திருந்த சுடலையை மட்டும் மடக்க முடியவில்லை. அவன் சண்டைக்கு வரவில்லை. டீயை ஆற்றி அவள் முன்னால் வைத்துவிட்டு நின்றான்.

“யக்கா, வெள்ளம் வந்த வருஷம் எனக்கு நாலு வயசு. எங்க தெரு முழுக்கத் தண்ணி. எங்க அம்ம தங்கச்சியத் தூக்கிட்டு முன்னால போயிட்டா. என்ன ஒருத்தர் தோள்ல தூக்கிட்டுப் போனாரு. கழுத்துல உப்பு நாத்தம், அது மட்டும் தெரியும். முகம் தெரியாது. இத்தன வருஷமா யாரு யாருன்னு தேடிட்டுக் கெடந்தேன். போன மாசம்தான் தெரிஞ்சுது நயினார் அண்ணாச்சின்னு.”

“அவர் ஒரு கதாபாத்திரம் சுடலை.”

“அப்பம் என்னத் தூக்கினது யாரு?”

ஆவுடை டீயைக் குடிக்காமலே எழுந்து போனாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம், தான் எழுதிய திருத்தத்தை வாசித்துக் காட்ட உலகம்மாளிடம் போனாள். உலகம்மாள் படத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“எனக்கும் வர ஆரம்பிச்சிட்டுட்டி” என்றாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“என்னதுக்கா?”

“ஞாபகம். நாவல்ல இல்லாததெல்லாம் வருது. கூண்டு ஏத்திட்டு வந்த அன்னைக்கு அவரு பேசமாட்டாரு. வந்து ஜன்னலக் கயித்தால கட்டுவாரு. கட்டிட்டு, என்னக் கூப்பிட்டு அந்த முடிச்சத் தொட்டுப் பாக்கச் சொல்லுவாரு. இறுக்கமா இருக்கான்னு கேக்கமாட்டாரு. நான் தொடுததப் பாத்துக்கிட்டு நிப்பாரு, அவ்வளவுதான். இத நான் எழுதலட்டி. எழுதத் தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பேன்.” கீரைக் காம்பு அவள் மடியில் குவிந்திருந்தது. “நாப்பத்தேழு வயசு வரைக்கும் இல்லாத ஒண்ணு. காலைல எந்திரிச்சா, இன்னைக்கு என்ன ஞாபகம் வரும்னு இருக்கு.”

ஆவுடை கையிலிருந்த காகிதத்தை மடித்தாள். “அப்பம் நான் ஒண்ணும் வாசிக்கலக்கா. அவரு இருந்துட்டுப் போகட்டும்.”

“இருந்தா, அந்தப் பொஸ்தகத்த எழுதினது யாரு?”

“நீங்கதான்.”

“இல்ல. அவரு பொண்டாட்டி.” உலகம்மாள் கீரையை முறத்தில் தட்டினாள். “புருஷன் ஊர்ல எல்லாருக்கும் கிடைக்காம்ட்டி. கெட்டவன் கிடைக்கான், நல்லவன் கிடைக்கான். இந்த ஆள நான் செஞ்சேன். நீ ஒண்ணும் வாசிக்க வேண்டாம். எனக்கு ஏற்புரை பாக்கி கெடக்கு.”

அந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையைப் போல ஒரு ஞாயிறு அதற்குப் பிறகு அந்த மாடிக்கு வாய்க்கவில்லை. படிக்கட்டிலும் ஆட்கள், ஜன்னல் விளிம்பிலும் ஆட்கள், எதிர்க்கட்டடத்து மொட்டைமாடியிலும் ஆட்கள். வரவேற்புரை சொல்ல எழுந்த மிக்கேல் அண்ணாச்சியின் கையைப் பிடித்து ஆவுடை உட்காரவைத்தாள். தலைமை தாங்க வந்தவரிடம், “நீங்க இன்னைக்குத் தாங்க மட்டும் செய்யுங்க சார், பேச வேண்டாம்” என்றாள். மணி நான்குக்கே உலகம்மாள் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றாள்.

“எனக்குக் கல்யாணம் ஆகல” என்று ஆரம்பித்தாள்.

சங்கரநயினாரின் நடையை உப்பு லாரியிலிருந்து குதித்து இறங்குகிற ஒரு கிளீனரிடமிருந்து எடுத்ததாகச் சொன்னாள், அவர் இருமலை, எக்ஸ்ரே வரிசையில் நின்ற ஒரு பள்ளிக்கூடக் காவலாளியிடமிருந்து, கோபத்தைத் தன்னிடமிருந்தே, புருவத்துத் தழும்பை எங்கிருந்தும் எடுக்கவில்லை, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆள் வராத நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தபோது வந்தது என்றாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருபத்திரண்டு வருஷமாக வந்துபோன கைகளைப் பற்றிச் சொன்னாள், மாத்திரை வாங்குகிற கையைப் பார்த்தே அந்த வீட்டில் யார் அழுகிறார்கள் என்று யோசித்துப் பழகியதைச் சொன்னாள், கூண்டு ஏற்றுகிறவனுடைய கை எப்படி இருக்கும் என்று ஒருநாள் யோசித்ததில் இதெல்லாம் ஆரம்பித்தது என்றாள். இரண்டாவது அத்தியாயத்தை ஒன்பது தடவை எழுதினதை, ஒவ்வொரு தடவையும் ஏன் தப்பாகப் போனது என்பதை, கொல்லன் சாமானை எடுத்துக் காட்டுகிற மாதிரி வரிசையாக எடுத்துக் காட்டினாள். பேசப்பேச அவள் குரலில் ஏதோ ஒன்று உலர்ந்துகொண்டே வந்தது. முன்வரிசையில் இருந்த ஆவுடைக்கு மட்டும் அது தெரிந்தது. சொல்லி முடித்த ஒவ்வொன்றும் அவளை விட்டுப் போய்க்கொண்டிருந்தது, அதைத் தெரிந்தேதான் அவள் அடுத்ததைச் சொன்னாள்.

ஆறு மணிக்கு ஓட்டுநர்கள் ஏறி வந்தார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றார்கள்.

“வெள்ளத்துல சுடலையத் தூக்கினத நான் எழுதல” என்று கடைசியாகச் சொன்னாள். “அது அவன் ஞாபகம். அத அவன்கிட்ட இருந்து வாங்க எனக்கு உரிமை கிடையாது. மிச்சமெல்லாம் நான் எழுதினது.” பிறகு உட்கார்ந்தாள். நன்றி, வணக்கம் சொல்ல மறந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் அவள் வீட்டுச் சுவரில் ஆணிகூட இல்லை. கொடியில் அவளுடைய இரண்டு சேலைகள் மட்டும் காய்ந்தன. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ஆவுடை வாசலில் நின்றாள்.

“ஏதாவது மிச்சம் இருக்காக்கா?”

“பொஸ்தகத்துல உள்ளது இருக்கு” என்றாள் உலகம்மாள். கொஞ்சம் யோசித்து, “வேற ஏதோ இருந்துச்சு, இல்ல? உன்கிட்டச் சொன்னேனோ?” என்றாள்.

ஜன்னல், கயிறு, முடிச்சு என்று சொல்ல வந்ததை ஆவுடை விழுங்கினாள். அது சொல்லிக் கொடுத்தால் வருகிற பொருள் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டு பேரும் ஒன்றாக நடந்தார்கள்.

மருந்து ஜன்னலில் வழக்கத்தைவிட நீளமான வரிசை நின்றது. நர்ஸ் ஸ்டெல்லா ஒரு ஓரமாக நின்று புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசித்துக்கொண்டிருந்தாள். வரிசையின் தலையில் சுடலை. கையில் மருந்துச் சீட்டு எதுவும் இல்லை. ராத்திரி முழுக்கத் தூங்காத கண்.

“யக்கா, ஒண்ணு கேப்பேன். கோவிக்கக்கூடாது.”

“கேளு.”

“அவர நீங்கதான உண்டாக்கினிய?”

“ஆமா.”

“அப்பம் எல்லாம் உங்க கையிலதான இருந்துச்சு? யாரு தடுத்தா? மருந்துக்காரி நீங்க. காமாலைக்கு மருந்து தெரியாதா உங்களுக்கு?” அவன் குரல் உயர்ந்தது, கம்பியைப் பிடித்துக்கொண்டான். “அநியாயமா ஒரு மனுசன எட்டாவது அத்தியாயத்துல கொன்னு போட்டுட்டு, இங்க வந்து உக்காந்து மாத்திர குடுக்கிய. ஏன் கொன்னிய?”

பின்னால் நின்ற மரியபுஷ்பம், “நானும் அதத்தான் கேக்க வந்தேன்” என்றாள். “நல்லாக் கேளுவே” என்றார் கணக்கு வாத்தியார். ஒருவரும் பாவம் என்று சொல்லவில்லை. ஒருவரும் பட்டதை எழுதினாள் என்று சொல்லவில்லை. வரிசை முழுக்க அவளைக் கோபமாகப் பார்த்தது.

உலகம்மாள் மாத்திரைத் தட்டைக் கீழே வைத்தாள். ஸ்டூலிலிருந்து எழுந்து, கம்பிக்குப் பக்கத்தில் முகம் தெரிகிற மாதிரி குனிந்தாள்.

“மூணு வருஷம் அந்த அத்தியாயத்த எழுதாம வச்சிருந்தேன் தம்பி” என்றாள். “பிழைக்கவச்சும் எழுதிப் பாத்தேன், நாலு தடவ. பிழைச்சு எந்திரிச்சாரு, நடந்தாரு, சாப்பிட்டாரு. ஆனா அவரு இல்ல அது. வேற யாரோ.”

சுடலை கம்பியை விடவில்லை. வரிசையில் யாரும் அவசரப்படுத்தவில்லை.